சொந்த அலைவரிசையும் இரவல் மேடையும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பொதுமக்களின் பணத்தில் இயங்கும் ஒலிபரப்பு நிறுவனங்கள் முகநூல், யூடியூப் முதலிய சமூக ஊடகத் தளங்களை எவ்வளவு தூரம் நம்பியிருக்கலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம்.

செய்தி நிறுவனங்களுக்குத் தளங்கள் பணம் கொடுக்கவேண்டும் என்று 2023இல் கனடா சட்டம் இயற்றியபோது, அவற்றின் உரிமையாளரான மெற்றா நிறுவனம் முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் செய்திகள் கனடாவில் உள்ளோருக்குத் தெரியாதபடி அடியோடு தடுத்துவிட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் காட்டுத்தீ நெருங்கி, கனடாவின் வடக்கிலுள்ள யெலோநைஃப் நகர மக்கள் ஏறத்தாழ 20,000 பேர் வீடுவாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. எந்த வீதி திறந்திருக்கிறது என்று சொல்லும் கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியின் செய்தி இணைப்பைக்கூட அவர்களால் முகநூலில் பகிர முடியவில்லை. கைபேசித் திரையைப் படம்பிடித்து அனுப்பியவர்கள் உண்டு. ஸ்காபரோவில் வாழும் நம் உறவுகளுக்கும் இதே தடைதான்.

அவ்வாண்டு ஏப்ரலில் டுவிட்டர், அமெரிக்காவின் பொது வானொலியான என்பிஆருக்கு அரசு சார்ந்த ஊடகம் என்று முத்திரை குத்தியது. மத்திய அரசிடமிருந்து நேரடியாக அதற்குக் கிடைத்த பணமோ அதன் வருமானத்தில் 1 வீதத்திலும் குறைவு. என்பிஆர் அத்தளத்தை விட்டு விலகியது. அது சரியான முடிவென்றே நான் கருதுகிறேன்.

நம் இலங்கையிலும் 2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில், 2022 ஏப்ரலில் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. பூட்டுவது நிறுவனமாயினும் அரசாயினும், அந்தத் தளத்தை மட்டும் நம்பியிருந்தவருக்குக் கதவு ஒரே நொடியில் அடைபட்டுப் போகிறது. மின்சாரமும் பற்றரியும் இல்லாத தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிகட்டையைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசையைக் கேட்ட ஊர் இது. அலை வந்துகொண்டிருந்ததால்தான் அந்த முயற்சிக்குப் பலன் கிடைத்தது.

இளையோர் இருக்கும் இடத்துக்குப் பொது ஒலிபரப்பு போகத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு நிகழ்ச்சி முகநூலில் மட்டுமே நேரலையாகி, அங்கேயே கிடந்து, நிலையத்தின் களஞ்சியத்தில் அதன் பிரதி இல்லாமற் போவதை ஏற்கமுடியாது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் முதலில் சொந்த அலைவரிசையிலும் சொந்த இணையத்தளத்திலும் வரவேண்டும். புயல், வெள்ள எச்சரிக்கை தமிழில் வானொலியில் ஒலித்த பின்னரே பிற தளங்களுக்குச் செல்லவேண்டும். இதை நிலையங்கள் எழுத்துமூல விதியாக்கி, நேயர்களாகிய உங்களுக்கும் அறிவிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.