எங்களைச் சுற்றிப் போகும் ரொக்கெட்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2022ஆம் ஆண்டு பெப்ரவரி 14. விடிந்தும் விடியாத நேரம், முல்லைத்தீவுக் கரையில் நிற்கிறேன். படகுகள் கரைக்கு வந்துவிட்டன. வலையில் சிக்கிய மீனை நாலைந்து பேர் குந்தியிருந்து கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆறு மணியாகிச் சற்று நேரத்தில் வடக்கே, கடலும் வானமும் தொடுகிற இடத்தில், ஒரு வெளிச்சம் கிளம்பியது. முதலில் ஒரு பொட்டு. அப்புறம் அதன் பின்னால் வெண்புகை விசிறிபோல விரிந்தது. சத்தமே இல்லை. வடக்கில் எழுந்த அது கிழக்கே சாய்ந்து, கடலுக்கு மேலாகத் தெற்கு நோக்கிப் போய் மறைந்தது.

மீன் கழற்றிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "சேர், உது எங்கட பக்கம் விழுமோ?"

அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. வானத்தில் வெளிச்சம் கண்டால் பங்கருக்குள் ஓடிய சனம் நாங்கள். மேலே போவது கீழே வரும் என்று உடம்பே பழகிவிட்டது. ஆச்சிக்கு அன்று ஒரு சொல்லில்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலையும் இன்று வானொலியில் சொல்ல நினைக்கிறேன்.

நாங்கள் பார்த்தது செய்மதி ஒன்றைச் சுமந்துபோன இந்தியாவின் பிஎஸ்எல்வி சி52 ரொக்கெட். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து காலை 5.59க்கு ஏவினார்கள். அது எங்களுக்கு வடக்கே ஏறக்குறைய 500 கிலோமீற்றர். ரொக்கெட் உயர ஏறும்வரை பூமியின் வளைவு அதை எங்களுக்கு மறைத்துவிடும். ஒன்றரை, இரண்டு நிமிடம் கழித்துத்தான் கண்ணில் படும். கரையில் எங்களுக்கு இன்னும் சூரியன் எழவில்லை, ஆனால் அத்தனை உயரத்தில் எழுந்துவிட்டது. அந்த வெயில் பட்டுத்தான் புகை அப்படி மின்னியது.

சரி, விழுமா?

அன்று அந்த ரொக்கெட் கொண்டுபோன வகைச் செய்மதிகள் வடமுனைக்கும் தென்முனைக்குமாகப் பூமியைச் சுற்றுபவை. அப்படியென்றால் ரொக்கெட் நேர் தெற்கே போகவேண்டும். நீங்களே ஒரு வரைபடத்தை எடுத்து, ஸ்ரீஹரிகோட்டாவில் அடிமட்டத்தை வைத்து நேர் தெற்கே கோடு கிழித்துப் பாருங்கள். கோடு பருத்தித்துறையில் கரையேறும். பூநகரியைத் தொடும். மடுவுக்குப் பக்கத்தால் போகும். வன்னியை மேலிருந்து கீழ்வரை வெட்டிக்கொண்டு போகும் கோடு அது.

எரிந்து முடிந்த கட்டங்களை, அதாவது எரிபொருள் தீர்ந்த பகுதிகளை, ரொக்கெட் வழியிலேயே கழற்றிவிடும். பிஎஸ்எல்விக்கு நான்கு கட்டங்கள். அவற்றின் வெற்றுக் கூடுகளை மனிதர் வாழும் நிலத்தின் மேல் விழவிட முடியாது. அதனால் ரொக்கெட்டை முதலில் தென்கிழக்கே, வங்காள விரிகுடாவுக்கு மேலாக விடுகிறார்கள். இலங்கைக்குக் கிழக்கே வந்த பிறகுதான் அதைத் தெற்கே திருப்புகிறார்கள். நடுவில் குளம் வந்தால் மாட்டு வண்டி அணைக்கட்டால் சுற்றிப் போவதில்லையா, அதேபோல.

இந்தச் சுற்றுக்கு விலை உண்டு. வேகமெடுத்த ரொக்கெட்டைத் திருப்ப எரிபொருள் வேண்டும், அந்த அளவுக்குச் செய்மதியின் எடையைக் குறைக்கவேண்டும். பெரிய ரொக்கெட் தாங்கிக்கொள்ளும், சிறிய ரொக்கெட்டுக்கு அது பேரிழப்பு. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் 2024 பெப்ரவரி 28இல் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு முக்கிய காரணம் இதுதான். அங்கிருந்து நேர் தெற்கே விட்டால் கடல் மட்டும்தான் வரும். நாங்கள் இங்கே இருக்கிறோம் என்பது அவர்களுடைய கணக்கில் ஒவ்வொரு முறையும் எழுதப்படுகிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

ரொக்கெட் தவறுவதும் உண்டு. 2025 மே 18இல் பிஎஸ்எல்வி சி61இன் மூன்றாம் கட்டத்தில் கோளாறு வந்து, கொண்டுபோன செய்மதி கைவிட்டுப் போனது. அப்படி ஒரு நாளுக்காகவும்தான் வழியைக் கடலுக்கு மேலாக வகுக்கிறார்கள்.

இனி, அன்று அந்த வெளிச்சம் சுமந்துபோன பொருளைப் பற்றிச் சொல்லவேண்டும். அது இஓஎஸ்-04 என்ற ரேடார் செய்மதி, 1,710 கிலோ. 529 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தினார்கள். அந்த உயரத்தில் ஒரு செய்மதி பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை எங்கள் தீவைக் கடக்க ஒரு நிமிடம் போதும். ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்று மேலே போனால் உலகம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும்.

ரேடார் செய்மதியின் அருமை மாரி காலத்தில் தெரியும். 2018 டிசம்பர் கடைசியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியான நாட்களில் சாதாரணக் கமெராவுக்கு மேகத்தின் முதுகு மட்டும்தான் தெரியும். ரேடார் தன் அலைகளைத் தானே அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்கும். அதற்கு மேகமும் தடையில்லை, இரவும் தடையில்லை. அமைதியாகக் கிடக்கும் தண்ணீர், கண்ணாடி மாதிரி அலையை அப்பால் தள்ளிவிடும். அதனால் அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். நெல்லும் வரம்பும் மரமும் அலையைத் திருப்பி அனுப்பும், அவை வெளிறித் தெரியும். எந்த வயல் மூழ்கியது, எது தப்பியது என்று ஒரு படத்தில் பிரித்துச் சொல்லலாம். ஐரோப்பாவின் சென்ரினல்-1 செய்மதிகளின் படங்களை யாரும் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். எங்கள் உயர்தர மாணவர்கள் இதைப் பழகவேண்டும் என்பது என் பெரிய ஆசை.

இன்னொரு வகைச் செய்மதி அசையாமல் நிற்பது போலத் தெரியும். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றரில், பூமி சுழலும் வேகத்துக்கே சுற்றுவது. உங்கள் வீட்டு டிஷ் அன்ரெனா ஏன் மல்லாந்து கிடக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நாங்கள் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் அந்தச் செய்மதிகள் எங்கள் தலைக்கு மேலேயே நிற்கின்றன. வானிலை பார்க்கும் இன்சாட்-3டியும் அந்த வரிசையில் நின்றதுதான். அதை 2013இல் ஏவியது தென்னமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து.

வயதானவர்களுக்கு 1964 டிசம்பர் 22 ஞாபகம் இருக்கும். தனுஷ்கோடியை அழித்த அதே புயல் முதலில் வவுனியாவைத்தான் கடந்தது. அது எங்கே நிற்கிறது, எப்போது வரும் என்று அன்று எங்கள் சனத்துக்குச் சொல்ல ஆளில்லை. 2020 டிசம்பர் 2இல் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. அதன் வழி முன்கூட்டியே தெரிந்திருந்தது. படகுகளை மேலே இழுத்துவிட்டோம், கரையோரச் சனம் பாடசாலைகளுக்குப் போய்விட்டது. இந்த இரண்டு புயலுக்கும் இடையில்தான் வானத்தில் இத்தனை கண்கள் வந்தன.

அடுத்த முறை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி போகிறது என்று செய்தியில் கேட்டால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்தான். விடிகாலையோ அந்தி சாய்ந்த நேரமோ என்றால் இன்னும் நல்லது. மேகமில்லாவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரைக்கோ குளக்கட்டுக்கோ வாருங்கள். ஏவி இரண்டு நிமிடம் பொறுங்கள். வடக்கே, அடிவானத்தில் பாருங்கள். வெளிச்சம் எழுந்து கிழக்கே சாயும். பிள்ளைகள் ஏன் அது நேரே வரவில்லை என்று கேட்பார்கள். வரைபடத்தையும் அடிமட்டத்தையும் எடுத்துக் கொடுங்கள்.

வணக்கம்.