கட்டியைத் தாண்டிய இரண்டு சென்டிமீட்டர்

வணக்கம். நம் ஊரில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பெயரே "கரண்ட் வைக்கிறது" என்று ஆகிவிட்டது. தலைக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. லினாக் என்கிற இயந்திரம் எலெக்ட்ரான்களை வேகமாக முடுக்கி ஓர் உலோகத் தகட்டில் மோதவிடுகிறது. அதிலிருந்து பிறக்கும் எக்ஸ் கதிர்தான் உள்ளே போகிறது. நெஞ்சுக்குப் படம் எடுக்கிற எக்ஸ்ரேவுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடாது, வலிக்காது. பொத்தானை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். உடம்பில் எதுவும் தங்காது. வீட்டுக்குப் போனதும் பேரப்பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

இன்று நான் பேசப்போவது கிளையோபிளாஸ்டோமா பற்றி. மூளையிலேயே தோன்றும் புற்றுக்கட்டிகளில் மிக மூர்க்கமானது, நான்காம் தரம் (கிரேடு 4). இந்த நோயாளியின் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கட்டியை முழுசா எடுத்தாச்சுன்னு சர்ஜன் சொன்னாரே, அப்புறம் எதுக்கு கரண்ட்?"

வயலில் அருகம்புல்லைச் செதுக்கியவர்களுக்கு இதன் பதில் தெரியும். மேலே எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும், வேர் எங்கேயோ ஓடியிருக்கும். இந்தக் கட்டியின் செல்கள் நரம்பிழைகளைப் பற்றிக்கொண்டு நல்ல மூளைக்குள் நகர்ந்துவிடுகின்றன, எம்.ஆர்.ஐ.யில் அவை தெரியாது. 1928இல் வால்ட்டர் டேண்டி என்ற அமெரிக்க அறுவை நிபுணர், வலப்பக்கப் பெருமூளையையே அகற்றிப் பார்த்ததாக எழுதினார். அப்படியும் நோய் விட்டபாடில்லை. ஆனால் 1980இல் சி.டி. ஸ்கேன் படங்களை வைத்துச் செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. திரும்ப வரும் கட்டிகளில் சுமார் 90 சதவீதம், பழைய கட்டியின் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள்ளேயே முளைக்கின்றன. கதிர் மருத்துவர்களான எங்கள் வேலை முழுக்க அந்த இரண்டு சென்டிமீட்டரில்தான் நடக்கிறது.

அதற்கு முன்பெல்லாம் மூளை முழுவதற்கும் கதிர் கொடுத்தார்கள். அதிலேயே பலன் தெரிந்தது. 1978இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பிறகு வேறு சிகிச்சை பெறாதவர்கள் சுமார் 14 வாரமும், கதிர் பெற்றவர்கள் சுமார் 35 வாரமும் வாழ்ந்தார்கள். அளவு 60 கிரேயில் வந்து நின்றது (கிரே என்பது உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). அதற்குக் குறைந்தால் பலன் குறைகிறது. கூட்டிப் பார்த்த ஆய்வுகளில் ஆயுள் நீளவில்லை, நல்ல மூளை அழுகும் ஆபத்துதான் கூடியது. இந்த 60ஐ ஒரே நாளில் கொடுத்தால் கட்டியோடு சுற்றியுள்ள மூளையும் போய்விடும். 2 கிரே வீதம் 30 நாள் கொடுத்தால், நல்ல செல்கள் இரவோடிரவாகத் தம் டி.என்.ஏ.வைச் சரிசெய்துகொள்ளும். புற்றுச் செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். காயம் ஆறியதும், அறுவை நடந்த மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

திட்டமிடும் நாளில் என்ன நடக்கிறது? முதலில் மாஸ்க். சின்னச் சின்னதாகத் துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டைச் சுமார் 70 டிகிரி வெந்நீரில் போட்டால் அப்பளமாவு போல இளகும். அதை எடுத்து முகத்தின் மேல் இழுத்து மேசையில் பூட்டுவார்கள். சில நிமிடங்களில் மூக்கு, நெற்றி, தாடை அப்படியே படிந்து இறுகிவிடும். துளைகள் வழியே மூச்சு விடலாம், பயம் வேண்டாம். முடி வெட்டுவதானால் மாஸ்க் செய்வதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். அடர்ந்த முடியோடு மாஸ்க் செய்துவிட்டு, பத்தாம் நாள் மொட்டை போட்டுவந்தால் தலை உள்ளே ஆடும். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பினாலும் தொல்லைதான்: இப்போது மாஸ்க் பிடிக்கும், அழுத்தும். "கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்பதை டெக்னீஷியனிடம் அன்றே சொல்லிவிடுங்கள். பொறுத்துக்கொள்வதில் பெருமை இல்லை. புது மாஸ்க் செய்து மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கலாம்.

மாஸ்க்கோடு எடுத்த சி.டி.யின் மேல் எம்.ஆர்.ஐ.யைப் பொருத்திவைப்போம். அந்த எம்.ஆர்.ஐ. புதிதாக இருக்க வேண்டும், முடிந்தால் இரண்டு வாரத்துக்குள் எடுத்தது. அறுவை முடிந்த மறுநாள் எடுத்த படத்தை வைத்துக் கோடு போட்டால், கட்டியை எடுத்த குழி இதற்குள் சுருங்கி மூளை இடம் மாறியிருக்கும், கோடு தப்பாகிவிடும். குழியையும், மருந்து ஏற்றியதும் பளிச்சென்று தெரியும் மிச்சத்தையும் முதலில் வரைகிறோம். அதைச் சுற்றி ஒன்றரை முதல் 2 சென்டிமீட்டர் விரிக்கிறோம். மண்டையோடு, மூளையின் இரு பாதிகளுக்கு நடுவே உள்ள தடித்த சவ்வு ஆகிய இடங்களில் கோட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறோம். இந்தக் கட்டி பொதுவாக அவற்றைத் துளைத்துப் போவதில்லை. தலை தினமும் கொஞ்சம் நகரும் என்பதற்காக இன்னும் 3 முதல் 5 மில்லிமீட்டர். சிக்கல் எங்கே வரும் என்றால் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தில். அது ஏறக்குறைய 54, 55 கிரேக்கு மேல் தாங்காது. கட்டி அதை ஒட்டியிருந்தால் அந்த ஓரத்தில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம். கண் போனால் திரும்ப வராது.

சென்னையில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை இருக்கிறதே, அதற்குப் போகலாமா என்கிறார்கள். குழந்தைகளின் மூளைக்கட்டிகள் பலவற்றில் அதற்கு நல்ல இடம் உண்டு. கிளையோபிளாஸ்டோமாவில் அது ஆயுளைக் கூட்டும் என்று நிரூபணம் இல்லை. அதற்காக நிலத்தை விற்காதீர்கள்.

கதிரோடு சேர்த்து டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. 2005இல் 573 பேரை வைத்து நடந்த ஐரோப்பிய, கனடிய ஆய்வு இதை நிலைநாட்டியது. கதிர் மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் சுமார் 10 சதவீதம், மாத்திரையும் சேர்ந்தபோது சுமார் 26. இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டும் காலம், 12.1 மாதத்திலிருந்து 14.6 ஆனது. பெரிய எண் இல்லைதான், மறைக்க விரும்பவில்லை. எம்.ஜி.எம்.டி. என்ற மரபணு பூட்டப்பட்ட நிலையில் உள்ள கட்டிகளுக்குப் பலன் கூடுதல், அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

மாத்திரையில் நடக்கும் தவறுகள் இரண்டு. கதிர் நடக்கும் நாட்களில் அளவு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம். 1.6 சதுர மீட்டர் உடம்புக்கு 120. அதாவது 100இல் ஒன்று, 20இல் ஒன்று. இதைச் சனி, ஞாயிறும் போட வேண்டும். "கரண்ட் லீவு, மாத்திரையும் லீவு" என்று விட்டுவிடுகிறார்கள். கதிர் முடிந்து ஒரு மாத இடைவெளிக்குப் பின் வரும் சுற்றில் அளவு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மடங்காகும். ஆனால் 28 நாளுக்கு 5 நாள் மட்டும். அந்தப் பெரிய அளவைப் பழைய பழக்கத்தில் தினமும் போட்டால் எலும்பு மச்சை படுத்துவிடும். காலண்டரில் கட்டம் போட்டு ஒவ்வொரு நாளும் அடித்துக்கொண்டு வாருங்கள். வாந்தியைத் தடுக்கும் மாத்திரை அரைமணி முன்னால்; பிறகு டெமோசோலமைடு, வெறும் வயிற்றில், கேப்சூலைப் பிரிக்காமல் முழுதாக. வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே இறங்கினால் மாத்திரையை நிறுத்திவைப்போம். கதிர் வழக்கமாகத் தொடரும்.

மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. இதைச் சொந்தமாக நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். காலையில் போட்டால் சர்க்கரை மத்தியானத்துக்கு மேல்தான் ஏறும். வெறும் வயிற்றுச் சோதனை நன்றாக வந்தது என்று நிம்மதி அடையாமல், மாலையிலும் ஒருமுறை பாருங்கள். நாக்கில் வெள்ளை படிந்தாலோ, தரையில் உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றாலோ அதுவும் இந்த மருந்தின் வேலைதான். வலிப்பு மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது.

இரண்டு, மூன்று வாரத்தில் கதிர் போகும் வழியில் முடி கொட்டும். அந்த இடத்தில் நல்லெண்ணெய், தைலம், டை எதுவும் வேண்டாம். சோர்வு கடைசி வாரத்திலும் முடிந்த பிறகும்தான் உச்சத்துக்குப் போகும். தீபாவளிக்கு ஊருக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டு வருவது கூடாது. இடைவெளியில் மிச்சச் செல்கள் பெருகிக்கொள்ளும். மெஷின் பழுதானால் சனிக்கிழமை ஈடுகட்டுவோம், அல்லது ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இருமுறை. வயதானவர்களுக்கும் தளர்ந்தவர்களுக்கும் 15 நாளில் 40 கிரே போதும். ஆறு வாரம் அலைக்கழிக்க வேண்டியதில்லை.

இனி, அதிகம் கண்ணீர் வரவழைக்கும் படத்துக்கு வருகிறேன். கதிர் முடிந்து ஒரு மாதத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. அதில் கட்டி முன்னைவிடப் பெரிதாகத் தெரியலாம். ரிப்போர்ட்டில் "வளர்ச்சி" என்ற சொல்லைப் பார்த்ததும் குடும்பம் இடிந்துபோகும், சிலர் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். கதிர் பட்ட ரத்தக்குழாய்கள் கசிவதாலும் அப்படித் தெரியும். போலி வளர்ச்சி என்று இதற்குப் பெயர்; எம்.ஜி.எம்.டி. பூட்டப்பட்டவர்களிடம், அதாவது நன்றாக வரப்போகிறவர்களிடம், இது கூடுதலாகவே வருகிறது. அதனால்தான் முதல் 12 வாரத்துக்குள், கதிர் பட்ட பகுதிக்கு வெளியே புதிதாக முளைத்தாலோ திசுப் பரிசோதனை சொன்னாலோ தவிர, நோய் வளர்ந்துவிட்டது என்று நாங்கள் முத்திரை குத்துவதில்லை. ஆள் நன்றாக நடமாடினால் மாத்திரையைத் தொடர்ந்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. பார்த்து, எட்டு வாரம் கழித்து மறுபடி படம் எடுப்போம்.

டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஸ்கேன்கள் அடங்கிய டிஸ்க், எந்த இடத்துக்கு எத்தனை கிரே என்று காட்டும் பிளான் ஃபைல் இரண்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நோய் திரும்பி, வேறு ஊரில் மறு கதிர் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தால், அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது அந்த ஃபைலைத்தான்.