பொங்கும் கசடும் ஒலியும்

நேயர்களுக்கு வணக்கம்.

வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கொப்பரையில் நுரை விளிம்பு வரை ஏறும்போது காய்ச்சுபவர் துளி எண்ணெய் விடுவார். நுரை அப்படியே அமர்ந்துவிடும். இதே பொங்கல் சுமார் 1600 டிகிரி வெப்பத்தில், எஃகு உலையில் நடந்தால் எதை விடுவது?

1952-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கிய எஃகு தயாரிக்கும் முறை இன்று உலகெங்கும் இருக்கிறது. கன்வெர்ட்டர் என்ற உலையில் உருகிய இரும்பை ஊற்றி, லான்ஸ் என்ற குழாய் வழியாக ஒலியை மிஞ்சும் வேகத்தில் ஆக்சிஜனைப் பாய்ச்சுவார்கள். இரும்பிலுள்ள நான்கு சதவீதக் கார்பன் ஏறக்குறைய இருபது நிமிடத்தில் வாயுவாகிவிடும். அந்த வாயு, இரும்பின் மேலே உருகி மிதக்கும் கழிவான கசடைத் துளைத்துக்கொண்டு வருவதால் கசடு நுரைக்கிறது. அளவோடு நுரைத்தால் நல்லதுதான், இரும்புத் துளிகள் அதில் சிக்கி வேகமாகச் சுத்தமாகும். அளவு மீறினால் உலையின் வாயைத் தாண்டி செக்கச்செவேலென்று பக்கவாட்டில் வழியும். ஸ்லாப்பிங் என்பார்கள். கசடோடு இரும்பும் போய்விடும், பழுப்புப் புகை கூரையை மூடும். ஆக்சிஜனைக் குறைத்தால் அடங்கும், ஆனால் நேரம் போகும். ஏதாவது பொருளைக் கொட்டினால் அது உலைக்குள்ளேயே தங்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பொங்கப்போவதை உலையே சொல்லிவிடும் என்பது. நுரை ஏறி லான்ஸின் முனையை மூட மூட, ஆக்சிஜனின் இரைச்சல் கம்மிப்போகும். உலை வாய்க்கு அருகே மைக் வைத்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சரி, ஒலியாலேயே பதில் சொன்னால் என்ன? ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தில், உருகிய கசடை நுரைக்கவைத்து மேலிருந்து ஒலியைச் செலுத்தினார்கள். நுரை தணிந்தது. கசடு தடித்த திரவம். குமிழிச் சுவரிலிருந்து மெல்லத்தான் வடியும், அதனால்தான் நுரை நின்றுகொண்டே இருக்கிறது. ஒலி அந்தச் சுவரை அதிரவைத்தால் வடிதல் வேகமாகி, சுவர் மெலிந்து உடையும். உலைக்குள் எதுவும் மிச்சமாகாது. இதைவிட நல்ல மருந்து எனக்குத் தோன்றவில்லை.

பானங்களைப் புட்டியில் நிரப்பும்போது எழும் நுரையைக் கேளா ஒலியால் உடைக்கும் கருவிகள் ஏற்கெனவே உண்டு. உலையில் அது அவ்வளவு எளிதல்ல. தூசி, தகிப்பு, அப்புறம் இன்னொன்று: அறைக் காற்றில் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, 1600 டிகிரிக் காற்றில் கிட்டத்தட்ட 850 மீட்டர் போகும். அலையின் நீளமும் அதே கணக்கில் நீண்டுவிடும். அறையில் சுருதி சேர்த்த ஒலிக்குழாய் உலை வாயில் சுருதி விலகும். வெப்பம் மாற மாற, அதையும் கூடவே திருத்திக்கொண்டிருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.