ஆயக்காரர் கேட்ட கேள்வி

அன்பான சகோதர சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

வேலை செய்யும் இடத்தில் விசுவாசத்தை எப்படி வாழ்வது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பு என்றாலே யோசேப்பும் தானியேலும்தான் முதலில் வருவார்கள். ஒருவர் எகிப்தின் அதிபதி, மற்றவர் பாபிலோன் அரண்மனையின் பெரிய அதிகாரி. அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் நாம் இங்கே உட்கார்ந்திருப்பது கிளார்க்காக, மேஸ்திரியாக, வார்டனாக, நர்ஸாக, கடை முதலாளியாக. அதனால் நான் இன்றைக்கு லூக்கா மூன்றாம் அதிகாரத்துக்குப் போகிறேன்.

யோர்தான் நதிக்கரையில் யோவான்ஸ்நானன் பிரசங்கம் பண்ணுகிறார். மனந்திரும்பினவன் என்றால் அதற்கேற்ற கனி எங்கே என்று கேட்கிறார். கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் பயந்துபோய், அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும் என்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும், சாப்பாடு இருக்கிறவனும் அப்படியே செய்யட்டும் என்கிறார். அது எல்லோருக்குமான பதில். அப்புறம் ஆயக்காரர் வந்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

ஆயக்காரருடைய தொழில் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் சுங்கமும் தீர்வையும் வசூலிக்கிற உரிமையைக் குத்தகைக்கு எடுப்பார்கள். குத்தகைப் பணத்தை முன்னாலேயே ஒத்துக்கொண்டாயிற்று. அதற்கு மேல் எவ்வளவு பிடுங்க முடியுமோ அவ்வளவும் வசூலிப்பவனுக்கு லாபம். கூடையில் மீன் கொண்டுபோகிறவனுக்கும், கழுதையில் தானியம் ஏற்றி வருகிறவனுக்கும் சரியான தீர்வை எவ்வளவு என்று தெரியாது. சாவடியில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்வதுதான் கணக்கு. இப்படிப்பட்ட தொழிலில் இருந்தவர்களிடம் யோவான் சொன்னது ஒரே ஒரு வரி: "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்." பிறகு போர்ச்சேவகர் வருகிறார்கள். ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதே, பொய்யாகக் குற்றஞ்சாட்டாதே, உன் சம்பளம் போதும் என்று இரு.

அந்த வேலையை விட்டுவிடு என்று யோவான் சொல்லவில்லை. லேவி ஆயத்துறையை விட்டு எழுந்து இயேசுவுக்குப் பின்சென்றது உண்மைதான். ஆனால் எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவனாக இருந்த சகேயுவை, வேலையை ராஜினாமா செய் என்று இயேசு சொன்னதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று சகேயு தானாகவே சொன்னார். இன்னொன்றும் கவனியுங்கள். யோவான் கொடுத்த பதிலில் ஜெபத்தைப் பற்றியோ உபவாசத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ஆயக்காரன் கையில் அதிகாரம் இருக்கிறது, எதிரே நிற்கிறவன் கையில் ஒன்றும் இல்லை. சேவகன் கையில் வாள் இருக்கிறது, எதிரே நிற்கிறவன் கையில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாதவனை நீ எப்படி நடத்துகிறாய் என்று காட்டு, உன் மனந்திரும்புதலை நான் நம்புகிறேன் என்கிறார். நான் இன்றைக்குச் சொல்ல வந்ததும் இதுதான். மேலதிகாரியிடம் நாம் எல்லோருமே பணிவாக இருப்போம். நமக்குக் கீழே இருப்பவரிடம்தான் நம் விசுவாசம் வெளியே தெரியும்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். அங்கே இருக்கிற ஒரு நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். சம்பளப் பதிவேடு. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் வரிசையாக வந்து ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போடுவார்கள், கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைப்பார்கள். நோட்டில் எழுதியிருப்பது ஒரு தொகை. கையில் வருவது வேறு தொகை. இப்போதெல்லாம் சம்பளம் வங்கிக்குப் போகிறதே என்பீர்கள். போகிறது. ஏ.டி.எம். கார்டை மேஸ்திரி வாங்கி வைத்துக்கொண்டு, பணத்தை எடுத்து, தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. பி.எஃப். என்று மாதாமாதம் பன்னிரண்டு சதவீதம் பிடித்துவிட்டு, அதை பி.எஃப். அலுவலகத்தில் கட்டாமலே ஓட்டுகிற ஒப்பந்ததாரர்களும் இருக்கிறார்கள். துப்புரவு வேலை செய்கிற அந்த அம்மாவுக்கு அது தெரிய வரும்போது வயது அறுபதைத் தொட்டிருக்கும்.

இந்த நோட்டைச் சரிபார்த்து, கீழே கையெழுத்துப் போட்டு பில்லை மேலே அனுப்புகிற நாற்காலியில் ஒரு கிறிஸ்தவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் லஞ்சம் வாங்கவில்லை, சரி. குடிக்க மாட்டார், சரி. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வசனம் வைத்திருக்கிறார், நல்லது. ஆனால் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "கையில எவ்வளவும்மா வந்துச்சு?" என்று ஒரு தடவையாவது கேட்டாரா? பி.எஃப். கட்டிய சலானைப் பார்க்காமல் பில்லைப் பாஸ் பண்ண மாட்டேன் என்று சொன்னாரா? அறுத்த வேலைக்காரருடைய கூலி அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறாரே, அந்தக் கூக்குரல் இன்றைக்கு எழும்புவது இந்த நோட்டிலிருந்துதான். நான் வாங்கவில்லை என்ற சமாதானத்தோடு அதன் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

முதலாளிகளிடம் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1936இல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்தில் ஏழாம் தேதிக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்றது. மோசேயின் நியாயப்பிரமாணம் இன்னும் கறாரானது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் வரைகூட உன் வீட்டில் தங்கக் கூடாது என்கிறது லேவியராகமம். பார்ட்டியிடமிருந்து பணம் வரவில்லை, பத்தாம் தேதி பார்க்கலாம், பதினைந்தாம் தேதி பார்க்கலாம் என்று தள்ளுகிறோம். அதே மாதத்தில் நம் வீட்டுக் காரின் தவணை ஒருநாள் தவறுவதில்லை. தொழிலில் நிஜமாகவே முடை வரும், எனக்குத் தெரியும். வந்தால் வேலையாட்களை உட்காரவைத்து நிலைமையைச் சொல்லுங்கள். முடையின் முதல் அடி உங்கள் வீட்டில் விழட்டும், அவர்கள் வீட்டில் விழ வேண்டாம்.

உட்காரவைத்து என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. ஜவுளிக் கடைகளில், நகைக் கடைகளில், பெரிய பாத்திரக் கடைகளில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே வேலை பார்க்கிற பெண் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். கூட்டமே இல்லாத மத்தியான நேரத்திலும் சாய்ந்து நிற்கக்கூட விட மாட்டார்கள். ராத்திரி விடுதிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினால் கால் வீங்கி, வார் பதிந்த தடம் அப்படியே இருக்கும். கேரளத்தில் 2018இல் இதற்கொரு சட்டம் வந்தது. 2021இல் நம் சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று எழுதிவிட்டது. ஒரு பெண் வேலை நேரத்தில் உட்காருவதற்குச் சட்டமன்றம் கூடி முடிவெடுக்க வேண்டியிருந்தது. இது எனக்குப் பெரிய வேதனை. இந்தக் கூட்டத்தில் கடை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். கல்லாவுக்கு மேலே இயேசுவின் படம் மாட்டியிருக்கிறீர்கள். அந்தப் படத்துக்குக் கீழே நாற்காலி எத்தனை இருக்கிறது? அது கல்லாவுக்கு மட்டும்தானா?

சரி, வேலை நேரத்தில் வேதம் வாசிப்பது, ஜெபிப்பது பற்றி இளைஞர்கள் கேட்டிருந்தார்கள். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நடந்து வந்த ஒரு பெரியவர் முதியோர் உதவித்தொகைக்கு மனுவோடு கவுன்ட்டரில் நிற்கும்போது, உள்ளே நாம் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தால், அந்த நேரம் நம்முடையது இல்லை, அவருடையது. சாப்பாட்டு இடைவேளை நம்முடையது, அப்போது ஜெபியுங்கள். கூட வேலை செய்கிறவர்கள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் மரியாதையோடு சொல்லுங்கள். கேட்காதவரிடம், அதுவும் நமக்குக் கீழே வேலை செய்கிறவரிடம், பதவியை வைத்துக்கொண்டு சொல்லக் கூடாது. அவரால் நம்மிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

இதுவரை பெரும்பாலும் செய்யக் கூடாததையே சொல்லிவந்தேன். செய்கிற வேலைக்குள்ளேயே விசுவாசம் எப்படி இறங்கும் என்பதற்கு என் மனதில் நிற்கிற மனிதர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் நம் கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் முதலில் கற்றுக்கொண்டது கட்டட வேலையும் தச்சு வேலையும். அப்புறம்தான் மருத்துவம் படித்தார். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை சிகிச்சை நிபுணராக வந்தார்.

செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல்கள் கொக்கிபோல மடங்கிப்போன ஒரு நோயாளியைக் கண்டார். அந்தக் கைக்குள் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்து என்றார். செத்துப்போன கை, அதில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் டாக்டருக்குச் சுரீரென்று வலித்தது. அப்படியானால் இந்தக் கையில் நல்ல தசை இருக்கிறது! அங்கிருந்து ஆரம்பித்தது அவருடைய ஆராய்ச்சி. வேலை செய்கிற தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி மாற்றிப் பொருத்தினார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

அதோடு விட்டுவிடவில்லை. விரல்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்று பார்த்தார். நோய் சதையைத் தின்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. நோயாளிகள் கூடவே இருந்து கவனித்தபோது தெரிந்தது, உணர்ச்சி இல்லாததால் அவர்கள் சூடான பாத்திரத்தைத் தூக்கிவிடுகிறார்கள், புண்பட்ட காலோடு நடந்துகொண்டே இருக்கிறார்கள். ராத்திரி தூக்கத்தில் எலி விரலைக் கடிப்பதுகூடத் தெரியவில்லை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். காலுக்கு எந்த ரப்பர் மெத்தென்று இருக்கும், புண் வராமல் காக்கும் என்று தேடித் தேடிச் செருப்பு செய்தார்கள். கை சரியாகியும் வேலை கொடுப்பார் இல்லாமல் திரும்பி வந்தவர்களுக்கு, தான் இளவயதில் கற்ற தச்சு வேலையைச் சொல்லிக்கொடுத்தார்.

பெரிய மருத்துவர், அறுவை சிகிச்சை முடிந்ததும் என் வேலை முடிந்தது என்று போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தொழுநோயாளியைச் சாதாரண மருத்துவமனைகள் உள்ளேயே விடத் தயங்கிய காலம் அது. அவருக்கு ஒரு செருப்பு எப்படி இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தாரே, கொலோசெயரில் பவுல் எழுதுகிற "கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்" செய்வது என்றால் எனக்கு அந்தச் செருப்புதான் நினைவுக்கு வரும். உங்களில் எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறீர்கள். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று வீட்டுக்காரருக்குப் பார்க்கத் தெரியாது. ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளையின் நோட்டை நீங்கள் திருத்தாவிட்டால் கேட்க வருகிற அளவுக்கு அந்த வீட்டில் படித்தவர்கள் இல்லை. உங்கள் வேலையின் தரத்தைச் சோதிக்கத் தெரியாதவருக்கு நீங்கள் எப்படிச் செய்துகொடுக்கிறீர்கள் என்பதில் எல்லாம் வந்துவிடுகிறது.

சபையாகிய நம்மிடமும் ஒன்று சொல்லாமல் போக முடியாது. நம் நிறுவனங்களிலேயே ஆசிரியர் வேலைக்குப் பணம் கேட்கிறார்கள் என்ற பேச்சு ஊருக்கு ஊர் அடிபடுகிறது. கிறிஸ்தவ நிறுவனத்திலேயே சாதி பார்த்துத்தான் வேலை என்ற பேச்சும் இருக்கிறது. எங்கே இது நடக்கிறதோ, அங்கே காலை அசெம்பிளியில் பாடுகிற பாட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. வெளியே இருக்கிற அலுவலகத்தைத் திருத்தப் போவதற்கு முன் நம் ஆபீஸ் அறைக் கதவைத் திறந்து வைப்போம். எத்தனை காலியிடம், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், யாரை எதற்காக எடுத்தோம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம்.

கடைசியாக ஒன்று. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்கிறவருக்கு என்ன ஆகும்? நல்ல மேலதிகாரி வாய்த்தால் ஒன்றும் ஆகாது. இல்லாவிட்டால் அரசு வேலையில் இருப்பவருக்குத் தூரத்து ஊருக்கு மாற்றல். தனியார் கம்பெனியில் இருப்பவருக்கு நாளைக்கு வர வேண்டாம் என்று ஒரு போன். உண்மையாயிரு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று மேடையில் நின்று சொல்லிவிட்டு நான் போய்விடலாம். அவர் வீட்டு வாடகையும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் அவர் தலையில்தான் நிற்கும். தனியாக விட்டால் ஒரு மனிதன் எத்தனை நாள் தாங்குவான்?

அதனால் சபைக் கமிட்டியிடம் நான் பகிரங்கமாக ஒரு வேண்டுதல் வைக்கிறேன். இந்த வருட அசனப் பண்டிகையின் சபை விருந்துச் செலவில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து வையுங்கள். நேர்மையாக நின்றதற்காக வேலையோ சம்பளமோ இழந்தவருக்கு, அவர் நம் சபையாராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆறு மாத வீட்டுச் செலவு அதிலிருந்து போகட்டும். நம்மில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், தொழிலாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இந்த மண்டபத்தில் உட்காருங்கள். பி.எஃப். சீட்டையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு யார் வந்தாலும் பார்த்துச் சொல்லுங்கள். முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன். கூட உட்காருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளர் ஐயாவிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.