காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

(யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மாரி தொடங்கிவிட்டது, நான் டெங்குவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். நுளம்பைப் பற்றிய பேச்சை விட்டுவிடுகிறேன். சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், கேட்கிறோமா என்பது வேறு கதை.

"நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்புச் சக்தி, கூடினால் ஒரு வருத்தமும் அண்டாது" என்கிறார்கள். டெங்குவில் அந்தக் கணக்குச் சரிவராது. சின்னமுத்து ஒருமுறை வந்தால் பொதுவாக மறுபடி வராது, உடம்பு அந்த வைரசை நினைவில் வைத்திருக்கும். டெங்குவிலோ நான்கு வகை. ஒரு வகை வந்து போனவருக்கு அதே வகை திரும்ப வராது. மற்ற மூன்றுக்கும் சில மாதம் ஓரளவு பாதுகாப்பு, அப்புறம் அதுவும் குறைந்துவிடும்.

குறைவதோடு நின்றால் பரவாயில்லை. வேறொரு வகை பிறகு உள்ளே வந்தால், பழைய பிறபொருளெதிரி, அதாவது முதல் தொற்றின்போது வைரசை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய புரதம், அதில் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அடக்காது. பிறபொருளெதிரி ஒட்டியதை விழுங்குவது தின்குழியம் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் வேலை. டெங்கு பெருகுவதும் அந்தக் குழியங்களுக்குள்ளேதான்! காவல்காரனே கள்ளனைக் கைபிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனால் எப்படி? இரண்டாம் முறை வரும் டெங்கு கடுமையாவதற்கு இது ஒரு முக்கிய காரணம். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்றில்லை.

2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் கூடுதலாகப் பரவியது முதலாம் வகை. அந்த ஆண்டு மேலோங்கியது இரண்டாம் வகை, பழைய பாதுகாப்பு அதைத் தடுக்கவில்லை. பிலிப்பைன்சில் 2016இல் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கிய டெங்குத் தடுப்பூசியை அடுத்த ஆண்டே நிறுத்தினார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு அந்த ஊசியே முதல் தொற்றுப்போல அமைந்து, பின்னர் வரும் டெங்கு கடுமையாகலாம் என்று தெரியவந்தது. இதைக் கேட்டுவிட்டு மற்ற ஊசிகளையும் வேண்டாம் என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிட்டமோல்) மட்டும், அதுவும் அளவோடு. அஸ்பிரின், புரூபன் (இபுபுரூபன்) வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். பப்பாசி இலைச் சாற்றை நம்பி நாளைக் கடத்தவேண்டாம். மூன்றாம் நாள், நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் "சுகமாகிவிட்டது" என்று பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள். இரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். வயிற்று நோ, விடாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று கண்டாலும், இராச்சாமம் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.