கவாரிஜ் பட்டத்தைக் கண்டவர்க்கெல்லாம் சூட்டலாமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, உங்கள் அனைவர் மீதும் இறையமைதி நிலவட்டும்!

இன்றைய ஆயுதக் குழுக்களைக் கவாரிஜ்கள், அதாவது இஸ்லாத்தின் தொடக்கக் காலத்தில் பிரிந்துபோன கூட்டத்தார், என்று அழைப்பது தகும் என எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். தன்னோடு ஒத்துப்போகாத முஸ்லிமைக் காஃபிர் (இறைமறுப்பாளன்) என்று சொல்லிக் கொல்கிறவன் எந்தக் காலத்தவனாக இருந்தாலும் காரிஜிதானாம் (கவாரிஜ்களில் ஒருவன்தானாம்). கைதட்டலும் வாங்கிவிட்டார். தகாது என்று சொல்ல வந்திருக்கிறேன். அந்தக் குழுக்களுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. கொலைகாரனைக் கொலைகாரன் என்று சொல்ல எனக்கு ஏழாம் நூற்றாண்டுச் சொல் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

657-இல் சிஃப்பீன் போர்க்களத்தில் நான்காம் கலீஃபா அலீ (ரலி) அவர்களும் அவரை எதிர்த்த சிரியா ஆளுநர் முஆவியா (ரலி) அவர்களும் மத்தியஸ்தர்களை வைத்துப் பிணக்கைத் தீர்க்க இசைந்தார்கள். "தீர்ப்பளிக்கும் உரிமை அல்லாஹ்வுக்கே" என்று கூவிக்கொண்டு அலீயின் படையிலிருந்தே ஒரு கூட்டம் பிரிந்து, கூஃபாவுக்கு அருகே ஹரூராவில் முகாமிட்டது. அவர்கள்தான் கவாரிஜ்கள், வெளியேறியவர்கள்.

அலீ என்ன செய்தார்? பட்டம் சூட்டிய கையோடு படையை ஏவினாரா? நபித்தோழர் இப்னு அப்பாஸை அனுப்பி வாதாடச் செய்தார். பெருந்தொகையினர் திரும்பி வந்தார்கள். எஞ்சியவர்களிடம், "பள்ளிவாசலுக்கு வருவதைத் தடுக்கமாட்டேன், பொதுநிதியில் உங்கள் பங்கை நிறுத்தமாட்டேன், நீங்கள் போரைத் தொடங்காதவரை நான் தொடங்கமாட்டேன்" என்றார் என அறிவிப்புகள் சொல்கின்றன. நபித்தோழர் ஒருவரின் மகனான அப்துல்லாஹ் இப்னு கப்பாபையும் அவருடைய கர்ப்பிணி மனைவியையும் அவர்கள் கொன்ற பிறகே, 658-இல் நஹ்ரவானில் வாளெடுத்தார். அவர்கள் காஃபிர்களா என்று கேட்டவர்களுக்கு, "குஃப்ரிலிருந்து (இறைமறுப்பிலிருந்து) ஓடியவர்கள் அவர்கள்" என்று பதில் சொன்னதாகவும் அறிவிப்பு உண்டு. 661-இல் அதே கூட்டத்து இப்னு முல்ஜமின் வாளுக்குப் பலியான அந்த அலீயிடம் இருந்த நிதானம் நம்மிடம் இல்லையே, நடுவர் அவர்களே!

இன்று இந்தச் சொல் யார் கையில் இருக்கிறது? 2024-இல் பாகிஸ்தான் அரசு, தன்னை எதிர்த்துப் போரிடும் தாலிபான் அமைப்பைக் 'கவாரிஜ் குழப்பம்' என்றே அழைக்கவேண்டும் என ஆணையிட்டது. சிரியாவிலோ, அல்காயிதா பக்கத்தவர்களே ஐஎஸ் அமைப்பைக் கவாரிஜ்கள் என்று தூற்றினார்கள். அல்காயிதாவைக் கவாரிஜ் என்று ஏசிய அரசுகளின் பட்டியல் தனி! எல்லோர் வாயிலும் ஒரே வசவு.

பொருத்தமாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. தகுதியிருந்தால் அபிசீனிய அடிமையும் தலைவராகலாம், நபிகளாரின் குறைஷிக் குலம் வேண்டியதில்லை என்பது கவாரிஜ்களின் அடிப்படைக் கொள்கை. ஐஎஸ் தலைவர் பக்தாதியோ 'அல்-குறைஷி' என்று பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டுதான் கிலாஃபத் (கலீஃபா பதவி) கேட்டார். கொள்கையில் நேரெதிர்!

"வேட்டைப் பிராணியை அம்பு ஊடுருவி வெளியேறுவதுபோல் மார்க்கத்திலிருந்து வெளியேறுவார்கள்" என்று கவாரிஜ்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் நபிமொழியை எதிரணியினர் எடுத்து வைப்பார்கள். மறுக்கவில்லை. அது ஒரு பண்பை எச்சரிக்கிறது. அந்தப் பண்பு இன்னாருக்கு உண்டு என்று அறிவிக்கும் வேலையை உள்துறை அமைச்சகங்களிடம் ஒப்படைத்ததாக எனக்குத் தெரியவில்லை. இப்னு முல்ஜமைப் புகழ்ந்து கவிதை பாடிய காரிஜி இம்ரான் இப்னு ஹித்தான். அவர் வழியாக வந்த நபிமொழியையும் நபிமொழித் தொகுப்பாளர் இமாம் புகாரி தம் தொகுப்பில் சேர்த்திருக்கிறார். மனிதரை வேறு, சொல்லின் நம்பகத்தை வேறு என்று பிரித்துப் பார்த்தவர் அவர். நாம் ஒரே சொல்லில் ஆளையே முடித்துவிடுகிறோம்.

கடைசியாக இபாழிகள். அந்தப் பழைய பிரிவினையின் கிளைகளில் மிதமாக நின்று, இன்றுவரை பிழைத்திருக்கும் ஒரே கிளை அவர்கள். ஓமானில் பெருந்தொகையாகவும், அல்ஜீரியாவின் மஸாப் பள்ளத்தாக்கு, துனீசியாவின் ஜெர்பா, லிபியாவின் நஃபூசா மலை ஆகிய இடங்களில் சிறு சமூகங்களாகவும் வாழ்கிறார்கள். தங்களைக் கவாரிஜ்கள் என்பதை அவர்கள் ஏற்பதில்லை. 2005-இல் அம்மானில் கூடிய அறிஞர்கள் இபாழி மத்ஹபையும் (சட்ட வழியையும்) ஏற்கத்தக்க வழிகளில் ஒன்றாக அறிவித்தார்கள். பாடநூல்களோ இன்னும் அவர்களைக் கவாரிஜ் என்ற தலைப்பின் கீழேயே எழுதுகின்றன. நீங்கள் அந்தச் சொல்லைக் குண்டு வைப்பவனுக்குச் சூட்டும்போதெல்லாம் அதன் சேறு இவர்கள் மீதும் தெறிக்கிறது.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள், கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழும் இபாழி இமாம்களின் பின்னால் நின்று தொழுகிறார்கள். கவாரிஜ் என்ற பட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்றால், அந்தத் தொழுகை கூடுமா, கூடாதா? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும்.