நியூ ஹேவனில் தனியாக ஒரு சீன மாணவர்

(திரையில்: பாய்மரக் கப்பலின் ஓவியம்)

1847 ஜனவரி 4. சீனாவின் வாம்போவா துறைமுகத்திலிருந்து தேயிலை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் கிளம்புகிறது. அதில் மூன்று சீனப் பையன்கள், கூடவே அவர்களின் ஆசிரியர் சாமுவேல் பிரவுன். 98 நாள் கடலில் கழித்து நியூயார்க்கில் இறங்குகிறார்கள். மூவரில் ஒருவர் யுங் விங், வயது 18. தென்சீனக் கடற்கரையில் மக்காவ் நகருக்குப் பக்கத்துக் கிராமம், அப்பா கிடையாது. பின்னாளில் 120 சீனச் சிறுவர்கள் அமெரிக்காவில் படிக்க வழி செய்தவர் இவர்தான். ஆனால் இந்த வீடியோவில் அவருடைய கல்லூரி நாட்களை மட்டும் பார்ப்போம்.

முதலில் மாசசூசெட்ஸில் மன்சன் என்ற சிற்றூரில் பள்ளிப்படிப்பு. அடுத்த வருடமே ஒருவர் உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பிவிட்டார். இன்னொருவர் 1850-இல் மருத்துவம் படிக்க எடின்பரோ போனார். மிச்சம் யுங் விங் ஒருவர்தான், கையில் பணமும் இல்லை. பள்ளி நிர்வாகத்திடம் ஏழை மாணவர்களுக்கான நிதி ஒன்று இருந்தது, ஆனால் படித்து முடித்ததும் மிஷனரியாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. சீனாவுக்கு எந்த வழியில் உதவ முடியுமோ அந்த வழியில் போக எனக்குச் சுதந்திரம் வேண்டும், இப்போதே கையைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்பது அவர் நிலை. வேறு யாருமே இல்லாத ஊரில், நீட்டிய பணத்தை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பிறகு பிரவுன் முயற்சி எடுத்து, ஜார்ஜியாவின் சவானா நகரத்துப் பெண்கள் சங்கம் ஒன்று நிபந்தனை இல்லாமல் உதவ முன்வந்தது.

(திரையில்: நியூ ஹேவன் வரைபடம்)

1850-இல் நியூ ஹேவன், யேல் கல்லூரி. அந்தப் பெயருக்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்து பெரும் பணம் சேர்த்த எலிஹு யேல் 1718-இல் அனுப்பிய சரக்குகளை விற்றுத்தான் கல்லூரிக்கு நிதி வந்தது, அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

சரி, யுங் விங்குக்கு வருவோம். அவர் லத்தீன் படித்தது 15 மாதம், கிரேக்கம் 12 மாதம், கணக்கு 10 மாதம், அவ்வளவுதான். முதல் வருடம் முழுக்க ராத்திரி 12 மணி வரை உட்கார்ந்து படித்து உடம்பே கெட்டுப்போய், ஒரு வாரம் லீவு போட்டு வெளியூர் போய்த் தேறி வந்தார். இரண்டாம் வருடம் நுண்கணிதம் படுத்திய பாட்டில் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்திருக்கிறார். அவரைக் காப்பாற்றியது ஆங்கிலக் கட்டுரை! பிறமொழியில் எழுதி, வகுப்பிலேயே இரண்டு முறை முதல் பரிசு.

அவர் அந்த ஊரோடு ஒட்டியது எப்படி என்று கேட்டால், நான் மெஸ்ஸைத்தான் சொல்வேன். மாணவர்கள் இருபது பேருக்கு மேல் சேர்ந்து நடத்திய மெஸ் அது. தேவையான சாமான்களை எல்லாம் வாங்கிப்போட்டு, சாப்பாட்டு வேளையில் பரிமாறவும் செய்தார், அதனால் அவருக்குச் சாப்பாடு இலவசம். அப்புறம் மாணவர் சங்கம் ஒன்றின் நூலகத்தில் வேலை, கடைசி வருடத்தில் அதற்குக் கிடைத்தது 30 டாலர். காசு கொஞ்சம்தான், ஆனால் புத்தகம் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் தன் வகுப்பு மட்டுமில்லாமல் மேல் வகுப்பு, கீழ் வகுப்பு மாணவர்களையும் அவருக்குத் தெரிந்திருந்தது. முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் நண்பர்களானது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

1854-இல் பட்டம். அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் வாங்கிய முதல் சீனர். அந்த நவம்பரிலேயே ஊருக்குக் கப்பல் ஏறினார், இந்த முறை 154 நாள். ஹாங்காங் நெருங்கும்போது வழிகாட்ட ஒரு சீன மாலுமி ஏறுகிறார். பக்கத்தில் ஆபத்தான பாறைகள், மணல்திட்டுகள் இருக்கிறதா என்று கேட்டுச்சொல் என்கிறார் கேப்டன். யுங் விங் வாயைத் திறக்கிறார், பாறைக்கும் திட்டுக்கும் சீனச் சொல் வரவே இல்லை. அந்த மாலுமிக்கு ஆங்கிலம் புரிந்தது. அவர்தான் அந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுத்தார்.